எங்கள் கவுண்டியில் பட்டதாரிகள் எத்தனை பேர்? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் பெரியவர்களில் நூற்றுக்கு 55 பேரை ஒட்டிப் பட்டதாரிகள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குத்தான் இந்த மாதம் கடிதம் கடிதமாக வந்திருக்கிறது. சிலருக்குப் பெருமை, சிலருக்குச் சந்தேகம், இரண்டு பேருக்கு வருத்தம். வருத்தப்பட்ட இருவரின் கடிதங்களைக் கடைசியில் வைத்திருக்கிறேன், அவற்றுக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகன் சான் ஹோசேயில் வீடு வாங்கப் பார்க்கிறான். உங்கள் வரியைப் படித்துவிட்டு "படித்தவர்கள் ஊர், தைரியமாக வாங்கு" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள், யாரையெல்லாம் எண்ணுகிறார்கள்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. கலிபோர்னியாவில் 58 இருக்கின்றன. அதில் சான்டா கிளாரா பெரியது, 2020 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 36 ஆயிரம் பேர், சான் ஹோசேதான் அதன் தலைநகரம். கணக்கு எடுப்பது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுகிறார்களே, அதில் இப்போது படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. 2000 வரைக்கும் ஆறு வீட்டுக்கு ஒரு வீடு என்று ஒரு நீளமான படிவம் கொடுத்துக் கேட்டார்கள். அதை நிறுத்திவிட்டு 2005 முதல் வருடா வருடம், இப்போது சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் படிவம் அனுப்பிக் கேட்கிறார்கள், அதற்கு அமெரிக்கச் சமுதாய ஆய்வு என்று பெயர். 65 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கும் இடம் என்றால் ஒவ்வொரு வருடமும் தனிக் கணக்கு வரும், அதைவிடச் சின்ன கவுண்டி என்றால் ஐந்து வருடப் படிவங்களைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

எண்ணுவது 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன் இதில் வர மாட்டான், எண்பது வயதுப் பாட்டி வருவார். அப்புறம், பட்டத்தை எங்கே வாங்கினீர்கள் என்பது பொருட்டே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் வாங்கினாலும் ஒன்று, உங்கள் மகன் மதுரையில் வாங்கியிருந்தாலும் ஒன்று. நான் சொன்ன 55, 2018 முதல் 2022 வரை உள்ள ஐந்து வருடக் கணக்கில் வருவது. நாடு முழுக்க எடுத்தால் அதே கணக்கில் 34 சதவீதம்தான். இங்கே முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்கள் மட்டுமே நாலில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டால் படிப்பு மண்ணிலேயே விளைகிற ஊர் போலத் தோன்றும். ஆனால் இந்த மண்ணில் விளைந்தது பிளம்மும் ஆப்ரிகாட்டும். 1940-ல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்கூட இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம், பழத்தை உலர்த்தும் களங்கள், டப்பாவில் அடைக்கும் ஆலைகள். 1956-ல் மவுன்டன் வியூவில் இயற்பியலாளர் ஷாக்லியின் குறைகடத்தி (கணினிச் சில்லுகளுக்கு அடிப்படையான பொருள்) ஆய்வகம் வந்தது, அடுத்த வருடமே அங்கிருந்து பிரிந்த எட்டுப் பேர் ஃபேர்சைல்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள், அதிலிருந்து கிளை கிளையாகப் புது நிறுவனங்கள் பிரிந்து போயின. 1960-ல் 6 லட்சத்து 42 ஆயிரம் பேர், 1970-ல் 10 லட்சத்து 64 ஆயிரம். 1965-ன் குடியேற்றச் சட்டம், 1990-ல் வந்த எச்-1பி என்ற வேலை விசா, இவை வழியாக உலகம் முழுக்க இருந்து பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். எச்-1பி வேண்டுமென்றாலே பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ வேண்டும் என்பது விதி. அப்புறம் சதவீதம் ஏறாமல் என்ன செய்யும்? அந்த 55-ல் இங்கே பிறந்து இங்கேயே படித்தவர்களும் உண்டு, ஆனால் எண்ணைத் தூக்கிப் பிடிப்பது வந்து சேர்ந்த கூட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை சமமாக வெந்திருந்தால்தான் சரி, எங்கள் கவுண்டி அப்படி வேகவில்லை. வடக்கே பாலோ ஆல்டோவில் பட்டதாரிகள் 80 சதவீதத்துக்கு மேல். தெற்கே பூண்டு விளையும் கில்ராயில் அது 30-ஐ ஒட்டித்தான். கவுண்டி முழுக்கப் பார்த்தால் பத்தில் ஒருவர் பள்ளி இறுதிகூட முடிக்காதவர். அவர்கள்தான் உங்கள் மகன் வாங்கப்போகும் வீட்டுக்கு ஓடு மாற்றப் போகிறவர்கள், அவர் அலுவலகத்தில் ராத்திரி தரை துடைக்கிறவர்கள், ஹோட்டல் அடுப்படியில் நிற்கிறவர்கள். இவர்களும் சேர்ந்த ஊரில்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் வளரப்போகிறார்கள் என்பது என்னைக் கேட்டால் நல்ல விஷயம். வீட்டை மகனின் கைக்கு எட்டும் விலை, அலுவலகத் தூரம், பக்கத்துப் பள்ளி இவற்றைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இந்தச் சதவீதத்துக்கும் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதா என்பதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது, இது பெற்றோர் தலைமுறையின் கணக்கு.

கேள்வி: நீங்கள் சொன்ன அதே படிவம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது! மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதம் இருக்க வந்திருக்கிறார். அவரையும் எழுத வேண்டுமா? அவர் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒரு வருடம் பி.யூ.சி. படித்தவர். எந்தக் கட்டத்தில் குறிப்பது? விசாவில் இருக்கும் நாங்கள் இதை நிரப்பினால் சிக்கல் வருமா?
வாசகி, சன்னிவேல்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், பயம் அதில்தான் இருக்கிறது. படிவம் உங்கள் பெயருக்கு வராது, முகவரிக்கு வரும். பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம். நீங்கள் எழுதுவதைக் கணக்கெடுப்புத் துறை குடியேற்றத் துறைக்கோ வரித் துறைக்கோ போலீசுக்கோ கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். மீறி வெளியே சொல்லும் ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

மாமியாரையும் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் இங்கே தங்குகிற எல்லாரையும் சேர்க்கச் சொல்கிறது படிவம். ஆக இந்த வருடம் சான்டா கிளாரா கவுண்டியின் படிப்புக் கணக்கில் உங்கள் மாமியாரின் பி.யூ.சி.யும் ஒரு புள்ளியாக உட்காரப் போகிறது, அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

எந்தக் கட்டம் என்பதற்கு: வெளிநாட்டில் படித்தவர்கள் அதற்கு ஈடான அமெரிக்கப் படிப்பைக் குறிக்க வேண்டும். நம் ஊரில் 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் பதினோரு வருடப் பள்ளி, அதன்மேல் கல்லூரியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. கூட்டினால் பன்னிரண்டு. நானாக இருந்தால் பள்ளி இறுதி முடித்தவர் என்று குறிப்பேன். கல்லூரிக் கட்டடத்தில் படித்தாரே என்று கல்லூரிக் கட்டத்துக்குப் போக வேண்டாம்.

இங்கே நம் ஆட்கள் அடிக்கடி தடுமாறுகிற ஒரு இடம் உண்டு. படிவத்தில் டிப்ளமோ என்ற சொல்லைப் பார்த்ததும் பாலிடெக்னிக் படித்தவர்கள் நேராக அதில் குறித்துவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொல் பள்ளி முடித்ததற்குக் கொடுக்கும் சான்றிதழைக் குறிக்கும். பத்தாவது முடித்து மூன்று வருடம் இயந்திரவியலோ மின்னியலோ படித்த ஒருவர், ஒரு சொல் ஒலித்த விதத்தால் பள்ளிப் படிப்போடு நின்றவராகப் பதிவாவது எனக்குப் பொறுக்கவில்லை. என் பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் குறித்து வைத்திருந்தார். பேனாவை வாங்கி, நிதானமாகக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிய பிறகு, இரண்டு வருட அசோசியேட் பட்டம் என்ற கட்டத்தைத்தான் தன் படிப்புக்கு நெருக்கமாக உணர்கிறேன் என்று மாற்றிக் குறித்தார். சரியாகத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: உயர்கல்வியில் தமிழ்நாடு 47 சதவீதம் என்கிறார்கள். அமெரிக்கா 34 என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அப்படியானால் நாம் அமெரிக்காவை முந்திவிட்டோம்தானே?
கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, இரண்டும் வேறு வேறு கணக்கு. 47 என்பது 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் வந்த மொத்தச் சேர்க்கை விகிதம். அந்த வருடம் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த எல்லாரையும் எண்ணி, 18 முதல் 23 வயதுள்ளவர்களின் தொகையால் வகுப்பது. அதாவது இப்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள். அமெரிக்கக் கணக்கு ஊர் போய்ச் சேர்ந்தவர்களை எண்ணுகிறது, அதுவும் 25 வயதிலிருந்து தொண்ணூறு வயது வரை அத்தனை பேரிலும். உங்கள் தாத்தா, ஆச்சி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லாரையும் சேர்த்தால் நம் எண் 47-க்குப் பக்கத்திலேயே வராது.

ஆனாலும் பெருமைப்படுங்கள், காரணம் இருக்கிறது. அதே வருடம் இந்தியா முழுக்க அந்த விகிதம் 28.4. 2035-க்குள் 50-ஐத் தொட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை வைத்த இலக்குக்குத் தமிழ்நாடு பன்னிரண்டு பதின்மூன்று வருடம் முன்னாலேயே கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. மதிய உணவு, பஸ் பாஸ், முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்த எண் அது. இன்னும் முப்பது வருடம் கழித்து 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் கணக்கை எடுத்தால், இன்றைக்கு நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அதில் தெரியும். பெரியவர்களின் படிப்புக் கணக்கு அப்படித்தான் மெதுவாக ஏறும். அமெரிக்கா முதன்முதலாக இந்தக் கேள்வியைக் கேட்டது 1940-ல். அப்போது நாலு வருடக் கல்லூரி முடித்தவர்கள் நூற்றில் ஐந்து பேர்கூட இல்லை, பள்ளி இறுதி முடித்தவர்களே நாலில் ஒருவர்தான்.

கேள்வி: அமெரிக்காவில் எந்தக் கவுண்டி முதலிடம், எது கடைசி?
வாசகர், திருச்சி

பதில்: கடைசி என்று ஒன்றை ஒட்டவைக்க எனக்கு விருப்பமில்லை. உச்சியில் நிற்பவற்றில் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் கவுண்டியில் நாலில் மூன்று பேர் பட்டதாரிகள். நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ் என்று ஒரு சின்னக் கவுண்டி, இருபதாயிரம் பேர்கூட இல்லை. 1943-ல் அணுகுண்டுக்காக உருவாக்கிய ஆய்வகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர், அதனால் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிப் பட்டதாரிகள், வீதிக்கு வீதி முனைவர் பட்டம் வாங்கியவர்கள். மலையிலிருந்து இறங்கிப் பக்கத்துக் கவுண்டியான ரியோ அரிபாவுக்கு வந்தால் ஐந்தில் ஒருவர் என்று ஆகிவிடும். மறுமுனையில் மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல், நூற்றில் ஐந்தாறு பேர்தான். அது நிலக்கரிக் கவுண்டி. 1950-ல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள், 2020-ல் 19 ஆயிரத்துச் சொச்சம். சுரங்க வேலை போனது, போக முடிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களை எண்ணி வருகிற எண் அது.

கேள்வி: பெண்கள் எப்படி?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அமெரிக்காவில் 1940-ல் ஆண்களில் 5.5 சதவீதம் பட்டதாரிகள், பெண்களில் 3.8. 2014 வாக்கில் அமெரிக்கப் பெண்கள் ஆண்களை எட்டி, முந்திவிட்டார்கள். வருடா வருடம் கல்லூரியிலிருந்து பட்டம் வாங்கி வெளியே வருகிறவர்களில் பெண்கள் அதிகமானது அதற்கும் முப்பது வருடம் முன்பே. வகுப்பறையில் நடந்த மாற்றம் ஊர்க் கணக்கில் தெரிய அத்தனை காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மெர்செட் கவுண்டியில் இருக்கிறோம். இங்கே பல்கலைக்கழகமே இருக்கிறது. இருந்தும் பட்டதாரிகள் 15 சதவீதம்தான். "படிப்பு ஏறாத ஊரில் போய்க் குடியிருக்கிறீர்களே" என்று உறவினர் ஒருவர் சொன்னது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ஏன் இப்படி?
வாசகர், மெர்செட்

பதில்: முதலில் உறவினருக்கு: படிப்பு ஏறாத ஊர் என்று உலகத்தில் ஒரு ஊரும் கிடையாது.

எங்கள் கில்ராயிலிருந்து 152-ஆம் நெடுஞ்சாலையில் பச்சேகோ கணவாய் ஏறி இறங்கினால் உங்கள் கவுண்டி. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் 55 என்ற எண் 15 ஆகிவிடுகிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வருகிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்து லாஸ் பான்யோஸ் ஊரிலிருந்து மேலேறி வரும் வண்டிகளின் முன்விளக்குகள் மலையில் கோர்த்த மணி மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும். பிக்கப் வண்டிகளின் பின்னால் ஏணி, தண்ணீர்க் கேன், சாப்பாட்டுக் கூடை. இங்கே வேலை பார்த்து இங்கே வாடகை கொடுக்க முடியாதவர்கள் அவர்கள். வேலை செய்வது எங்கள் கவுண்டிக்கு, எண்ணப்படுவது உங்கள் கவுண்டியில். எங்கள் 55-ல் ஒரு பங்கு உயரம், இவர்களுக்கு இங்கே வீடு இல்லாததால் வந்தது.

உங்கள் பக்கத்தில் பாதாம், பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. லிவிங்ஸ்டனில் தலைமுறைகளாகப் பயிர் செய்யும் பஞ்சாபிக் குடும்பங்கள் இருக்கின்றன, குருத்வாரா இருக்கிறது. தோட்ட வேலைக்கு என்று மெக்சிகோவிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள்தான் நிறைய. அவர்கள் சின்ன வயதில் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்கள், அதனால் பள்ளி இறுதி முடிக்காத பெரியவர்களே நாலில் ஒருவருக்கு மேல். அட்வாட்டரில் இருந்த விமானப்படைத் தளத்தை 1995-ல் மூடியபோது சம்பள வேலைகளும் போயின, அந்த வேலையில் இருந்த படித்தவர்களும் போனார்கள்.

பல்கலைக்கழகம் திறந்தது 2005-ல்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பத்தாவது வளாகம், சுமார் 9,000 மாணவர்கள். திறந்த வருடமே அங்கே சேர்ந்தவர்கள் 2009-ல் பட்டம் வாங்கியபோது விழாவுக்கு மிஷெல் ஒபாமா வந்து பேசினார், அந்த மாணவர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதி அவரை அழைத்திருந்தார்கள். அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். ஆனால் கணக்கைப் பாருங்கள். படிக்கும்போது அவர்களுக்கு 19, 20, 21 வயது, எண்ணிக்கையில் வர மாட்டார்கள். 25 ஆகும்போது பலர் வேலை தேடிக் கணவாய் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிடுகிறார்கள். அவர்கள் வளர்ந்த வீடும் பள்ளியும் கல்லூரியும் உங்கள் ஊருடையவை, பட்டம் மட்டும் எங்கள் ஊர்க் கணக்கில் ஏறிவிடுகிறது. நெல் விளைந்தது ஒரு ஊர், களம் இன்னொரு ஊர் என்றால் எந்த ஊரை வளம் இல்லாத ஊர் என்பீர்கள்?

நம் ஊரிலும் இதே கதைதானே. தென் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் பட்டதாரிப் பிள்ளைகள் இருப்பார்கள், அத்தனை பேரும் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் படிக்காத ஊர் என்று வரும். உங்கள் கவுண்டிக்கு வேண்டியது படித்த பிள்ளை திரும்பி வந்து பார்க்கும்படியான வேலை. ஆஸ்பத்திரி வேலை, ஆசிரியர் வேலை, உழவுத் தொழில்நுட்ப வேலை, தண்ணீர் மேலாண்மை வேலை. அது வந்தால் எண் தானாக ஏறும். அது வராமல், படிப்பை மட்டும் கூட்டினால் கணவாயில் போக்குவரத்துதான் கூடும்.

கேள்வி: என் கணவர் பி.இ. நாலு வருடமும் போனார், இரண்டு அரியர் எழுதாமல் விட்டு வேலைக்குப் போய்விட்டார். இருபது வருடம் ஆகிறது. நல்ல வேலை, நல்ல சம்பளம். ஆனால் எந்தப் படிவத்தில் படிப்பைக் கேட்டாலும் முகம் வாடிப்போகிறது. இந்தக் கணக்கில் அவர் யார்?
வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: அம்மா, படிவத்தில் அவருக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ கல்லூரிப் படிப்பு உண்டு, பட்டம் இல்லை. பட்டதாரி சதவீதத்தில் அவர் வர மாட்டார். ஆனால் தனி ஆள் என்று நினைக்க வேண்டாம், அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்காமல் வெளியேறியவர்கள் 4 கோடிப் பேர். என்னைப் பொறுத்தவரை எந்தக் கவுண்டிக் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். உச்சியில் இருப்பவர்கள் எத்தனை என்று எல்லாரும் பார்க்கிறார்கள். பாதி வழியில் நிற்பவர்களை யாரும் கேட்பதில்லை.

நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) சாயந்திர வகுப்பில் புள்ளியியல் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து சேர்ந்தார், வயது 46, சரக்கு லாரி ஓட்டுபவர். முதல் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மேசைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உள்ளே இருபத்தைந்து வருடம் பழைய மதிப்பெண் பட்டியல், மடித்த இடத்தில் எழுத்தே அழிந்திருந்தது, ஓரத்தில் ஒட்டுநாடா மஞ்சளாகியிருந்தது. அப்பா படுக்கையில் விழுந்ததும் நிறுத்தியிருக்கிறார். இன்னும் மூன்று பாடம்தான் பாக்கி. "இது இன்னும் செல்லுமா டீச்சர்?" என்று கேட்டார். செல்லும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, உறையை மறுபடி மடித்து சட்டைப் பையில் வைத்து, பையை மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார். ஒன்றரை வருடம் பிடித்தது, முடித்துவிட்டார். அந்த வருடக் கணக்கில் கவுண்டியின் சதவீதம் அவரால் அசைந்திருக்காது. அவர் வீட்டில் என்ன அசைந்தது என்று அவர் மகள் அடுத்த செப்டம்பரில் என் வகுப்பில் வந்து சேர்ந்தபோது தெரிந்தது.

உங்கள் கணவருக்கு இரண்டு வழி உண்டு. ஊரில் படித்த பல்கலைக்கழகத்தில் பழைய அரியர் எழுதச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், தமிழ்நாட்டில் அவ்வப்போது அப்படி அறிவித்திருக்கிறார்கள். இல்லையென்றால், முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீடு செய்யும் நிறுவனத்திடம் கொடுத்து, இங்கே எத்தனை யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) கிடைக்கும் என்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அரியர் போக மிச்சம் அத்தனை பாடத்திலும் தேறியவர் அவர். அந்த உழைப்பு எங்கேயும் போகவில்லை. முகம் வாடும்போது இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். கல்யாணமாகி, எச்-1பியில் இருக்கும் கணவரைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து ஆறு வருடம். வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் 55 சதவீதத்தில் நான் இருக்கிறேனா? இருந்தால் எனக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை?
வாசகி, சான்டா கிளாரா

பதில்: இருக்கிறாய் அம்மா. மூன்று வருடப் பட்டமோ நாலு வருடப் பட்டமோ, நீ குறிப்பது பட்டம் என்ற கட்டத்தைத்தான். ஏன் தோன்றவில்லை என்றால், அந்தக் கணக்கு என்ன முடித்தாய் என்று மட்டும் கேட்கிறது, முடித்ததை வைத்து என்ன செய்ய விட்டார்கள் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினரில் நாலில் மூன்று பேர் பட்டதாரிகள் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அந்த மூன்று பேரில் ஒருத்தி கணிதப் பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. எனக்கு இது கோபம் வருகிற விஷயம்.

வேலை அனுமதிக்கு: கணவரின் கிரீன் கார்டு வழியில் அவருக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015 முதல் எச்-4-ல் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அது இன்னும் ஆகவில்லையென்றால் காத்திருக்க வேண்டியது வேலைக்குத்தான், படிப்புக்கு இல்லை. எச்-4 விசாவிலேயே படிக்கலாம், மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன, மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012 முதல் அந்தக் கட்டணம் ஏறவே இல்லை. எச்-4-ல் இருப்பவர்களும் ஒரு வருடம் இங்கே வசித்ததைக் காட்டினால் அந்தக் கட்டணத்தில் சேர முடியும். வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரும் இருக்கிறதா பார், வரிப் படிவம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், எது இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போ. குடியிருப்பைக் காட்டவில்லை என்றால் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு வரும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதே.

பி.எஸ்சி. கணிதம் உள்ளவள் புள்ளியியல், தரவு ஆய்வு, கணக்குப்பதிவு எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடு, சாயந்திர வகுப்பாகப் பார்த்து எடு, குழந்தையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். கணினியில் இடம் இல்லை என்று காட்டினால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் நேராக வகுப்பில் வந்து உட்கார். பதிவு செய்தவர்களில் நாலைந்து பேர் முதல் வாரம் வரவே மாட்டார்கள், அந்த இடத்துக்கு நான் முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.